வாழைக்குப் பின் வாழை வைத்த வயல்

களக்காட்டுப் பக்கம் ஒரு வாழைத் தோட்டத்தைப் பார்த்துச் சொல்லும்படி என்னை அழைத்திருந்தார்கள். குலை தள்ளும் பருவத்தில் நின்ற ரஸ்தாளி மரங்களில் அடி இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகி, காம்போடு ஒடிந்து, தண்டைச் சுற்றித் தொங்கிக்கொண்டிருந்தன. ஒரு மரத்தின் கிழங்கைத் தோண்டிக் குறுக்கே வெட்டியதும் செம்பழுப்புப் புள்ளிகள் தெரிந்தன. வாடல் நோய்தான். "எந்த மருந்துன்னு மட்டும் சொல்லுங்க சார், அடிச்சிருதோம்" என்றார் தோட்டக்காரர். இந்த வயலில் கடைசியாக நெல் விளைந்தது எப்போது என்று கேட்டேன். ஏழு வருடத்துக்கு மேல் இருக்கும் என்றார். அதன் பிறகு கன்று, வெட்டிய அடியிலிருந்தே துளிர்த்து வரும் மறுதாம்பு, மறுபடியும் கன்று என ரஸ்தாளி மட்டுமே அங்கு நின்றிருக்கிறது.

பல ஆண்டுகளாக வேளாண் ஆலோசகராக வயல்களுக்குச் சென்றுவரும் நான், பயிர் நோயை விசாரிக்கும்போது முதலில் கேட்பது இதைத்தான். வாடல் நோயை உண்டாக்கும் ஃபுசேரியம் பூஞ்சை வேர் வழியே நுழைந்து, மரத்துக்குள் நீர் ஏறும் பாதையை அடைத்துவிடுகிறது. வாழையே இல்லாத மண்ணிலும் தடித்த வித்துகளாக 20 ஆண்டுகளுக்கு மேல் அதனால் காத்திருக்க முடியும். இலைமேல் தெளிக்கும் மருந்து அதை எட்டாது. ஒரே இன வாழையைத் தொடர்ந்து வைத்தால், ஒவ்வோர் ஆண்டும் அந்தப் பூஞ்சைக்கு நாமே தீனி போட்டு வளர்க்கிறோம். தாமிரபரணிப் பாசன வயல்களில் வாழைக்குப் பின் ஒன்றிரண்டு போகம் நெல் நடுவது வெறும் வழக்கமாகத் தோன்றலாம். ஆனால் மாதக்கணக்கில் நீர் தேங்கி மண்ணுக்குள் காற்றோட்டம் அற்றுப்போகும்போது இப்பூஞ்சையின் பெருக்கம் வெகுவாகக் குறைகிறது. நெல்லை விட்டதோடு அந்தக் காப்பையும் விட்டுவிட்டோம்.

இந்த நோய்தான் மத்திய அமெரிக்காவில் 'க்ரோ மிஷெல்' என்ற ஒரே இனத்தை நம்பியிருந்த பெருந்தோட்டங்களை அழித்தது. 1960களுக்குள் அந்த இனம் ஏற்றுமதிச் சந்தையிலிருந்தே மறைந்து, அதன் இடத்தில் கேவண்டிஷ் வந்தது. மானாவாரி நிலமும் விதிவிலக்கல்ல. கம்பும் உளுந்தும் பருத்தியும் கலந்து நின்ற கரிசலில் மக்காச்சோளம் மட்டும் பரவியிருந்த நிலையில், 2018இல் இந்தியாவுக்குள் நுழைந்த, மக்காச்சோளத்தைத் தின்னும் படைப்புழுவுக்குத் தடையேதும் இருக்கவில்லை.

நெல்லை மட்டும் நம்புவதும் ஒற்றைப் பயிர்தான் என்பதைப் பலர் ஏற்பதில்லை. கார், பிசானம் என்ற இரண்டு பருவங்களிலும் நெல் என்று எப்போதும் ஈரத்திலேயே கிடக்கும் மண்ணில் துத்தநாகம் பயிருக்குக் கிட்டாமல் போகிறது. நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சிக்கும் இடைவெளியின்றி உணவு கிடைக்கிறது. அதற்கு அடிக்கும் மருந்தில் புகையானைத் தின்னும் சிலந்திகளும் சேர்ந்து சாவதால் அடுத்த தாக்குதல் இன்னும் கடுமையாகிறது. முன்பெல்லாம் பிசான அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போதே ஈர வயலில் உளுந்தை விதைத்துவிடுவார்கள். தனியே உழவும் வேண்டாம், உரமும் வேண்டாம், அதன் வேர் முடிச்சுகள் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும். அறுவடை இயந்திரத்தின் சக்கரத்தடம் முளைத்த உளுந்தை நசுக்கிவிடுவதால் அந்தப் பழக்கம் பல ஊர்களில் நின்றுபோனது. ஆள் கிடைக்காத காலத்தில் இயந்திரத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அறுவடை முடிந்த கையோடு, ஈரம் காயும் முன் ஒரு உழவோட்டி உளுந்தையோ பசுந்தாள் உரமாகும் கொழிஞ்சியையோ விதைக்க இப்போதும் இயலும்.

உளுந்து தந்துவந்த தழைச்சத்தின் இழப்பை ஈடுகட்டக் கூடுதலாகப் போடும் யூரியா முழுவதையும் பயிர் எடுத்துக்கொள்வதில்லை. மிச்சம் வடிகால் வழியே கீழ்க் குளத்துக்குப் போய் ஆகாயத்தாமரையை வளர்க்கிறது, அல்லது நிலத்தடி நீரில் இறங்குகிறது. வாழைக் குருத்தில் இடும் குருணை மருந்தும் இப்படியே தண்ணீரில் சேர்ந்து, மடையில் மீன் பிடிக்கும் பிள்ளைகளின் காலடிவரை வருகிறது என்பதை நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே அச்சமாக இருக்கிறது.

களக்காட்டுத் தோட்டக்காரரிடம் நோய் கண்ட மரங்களைக் கிழங்கோடு எடுத்து எரிக்கவும், அந்தப் பாத்தியின் தண்ணீர் அடுத்த வயலுக்குப் போகாமல் வரப்பை உயர்த்தவும், அங்கிருந்து ஒரு கன்றுகூட யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்றும் சொன்னேன். வரும் பிசானத்தில் நெல் நடச் சொன்னேன். வாழையின் வருமானம் நெல்லில் வராது என்று தயங்கினார். அவர் சொன்னது உண்மை. பிறகு பாதி வயலில் மட்டும் நெல் நட ஒப்புக்கொண்டார்.