ஏசி போட்டால் புகை உள்ளே வராதா?

"அண்ணா, கார்ல ஏசி போட்டுட்டா வெளிக்காத்து உள்ள வராதுல்ல?"

2018 நவம்பரில், கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்டில் எங்கள் அடுக்ககத்தில் குடியிருந்த ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. நவம்பர் 8-ஆம் தேதி காலை பாரடைஸ் என்ற மலையூருக்குப் பக்கத்தில் பற்றிய 'கேம்ப் ஃபயர்' காட்டுத்தீ, சில மணி நேரத்தில் அந்த ஊரையே விழுங்கிவிட்டது. 85 பேர் இறந்தார்கள். நாங்கள் இருந்தது அங்கிருந்து சுமார் 250 கிலோமீட்டர் தெற்கே. அப்படியிருந்தும் புகை அன்றைக்கே எங்களை எட்டிவிட்டது. ஏறக்குறைய இரண்டு வாரம் நகரவே இல்லை. 16-ஆம் தேதி காற்றுத் தரக் குறியீடு 200-ஐத் தாண்டியது, சான் ஃபிரான்சிஸ்கோவில் பள்ளிகளை மூடினார்கள்.

அந்தத் தம்பிக்கு அப்போது கைக்குழந்தை. தடுப்பூசிக்குப் போக வேண்டும், நாற்பது நிமிடப் பயணம். கண்ணாடி எல்லாம் ஏற்றிவிட்டு ஏசியும் போட்டிருந்தார். ஆனாலும் காருக்குள் விறகடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி வாடை. நான் முன் இருக்கையில் ஏறிப் பார்த்தேன். ரீசர்குலேஷன் பட்டன், அதாவது கார் படத்துக்குள் வளைந்த அம்புக்குறி போட்ட அந்தப் பட்டன், அணைந்து கிடந்தது.

ஏசிக்கும் வெளிக்காற்றுக்கும் சம்பந்தமில்லை. ஏசியின் வேலை காற்றைக் குளிர்விப்பதும் அதிலிருக்கும் ஈரத்தை எடுப்பதும்தான். காற்று எங்கிருந்து வருகிறது என்பதைத் தீர்மானிப்பது டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஒரு சின்னக் கதவு. அது ஒரு பக்கம் திரும்பினால், முன்கண்ணாடிக்கு அடியில், வைப்பர் இருக்கும் பள்ளத்திலிருந்து வெளிக்காற்று உள்ளே வரும். இன்னொரு பக்கம் திரும்பினால், காருக்குள் இருக்கும் காற்றையே இழுத்துத் திரும்ப ஊதும். பட்டனை அழுத்தும்போது சில கார்களில் 'கிர்ர்' என்று மெல்லிய சத்தம் கேட்குமே, அந்தக் கதவு திரும்பும் சத்தம் அது.

சரி, வெளிக்காற்று வந்தாலும் நடுவில் அதை வடிகட்டும் கேபின் ஃபில்டர் இருக்கிறதே, அது பிடிக்காதா என்று கேட்கலாம். பிடிக்கும், ஆனால் நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை. காரணம், புகைத்துகளின் அளவு. தலைமுடி ஒன்றின் தடிமன் 50 முதல் 70 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). மரம் எரிந்து கிளம்பி நெடுந்தூரம் மிதந்து வரும் துகள்களில் பெரும்பாலானவை 1 மைக்ரானுக்கும் சின்னவை. 0.3 மைக்ரானை ஒட்டித்தான் கூட்டம் அதிகம். காரின் மேல் படியும் வெள்ளைச் சாம்பல் கண்ணுக்குத் தெரிகிறது, தட்டிவிடலாம். நுரையீரலின் ஆழம் வரை போவது கண்ணுக்குத் தெரியாத இந்தக் கூட்டம்.

ஃபில்டரை மாவு சலிக்கும் சல்லடை போல நினைத்துக்கொண்டால் இங்கே விஷயம் புரியாது. அதன் இழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி, புகைத்துகளைவிடப் பல மடங்கு பெரியது. அப்புறம் எப்படித்தான் பிடிக்கிறது? காற்று இழைகளைச் சுற்றி வளைந்து வளைந்து போகிறது. பெரிய துகளுக்கு அந்த வளைவில் திரும்ப முடியாது. வேகமாக வந்த லாரி கொண்டை ஊசி வளைவில் நேராகப் போய் மோதுவது போல, இழையில் மோதி ஒட்டிக்கொள்ளும். மிகச் சின்னத் துகளுக்கு வேறு கதை. காற்று மூலக்கூறுகள் இடித்து இடித்து அதைத் தள்ளாட வைக்கின்றன. அப்படித் தள்ளாடிக்கொண்டே போகும்போது எங்காவது ஓர் இழையில் பட்டுவிடும். இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் தப்பிக்கும். வளைவில் திரும்பும் அளவுக்கு இலகு, தள்ளாடாத அளவுக்குக் கனம். அந்த நடுவாந்திர அளவு, கிட்டத்தட்ட 0.3 மைக்ரான். காட்டுத்தீப் புகை சரியாக ஃபில்டரின் பலவீனத்தைப் பார்த்து வருகிறது. நுண்துகளைப் பிடிக்கும் உயர்தர ஃபில்டரான ஹெப்பாவை 0.3 மைக்ரானில் சோதித்து 99.97 சதவீதம் என்று சொல்வதும் இதனால்தான். பிடிக்கச் சிரமமான அளவிலேயே அவ்வளவு பிடித்தால், மற்ற அளவுகளில் அதைவிட நன்றாகவே பிடிக்கும்.

இந்த ஓட்டையை அடைக்கத் தயாரிப்பாளர்கள் ஒரு நல்ல வழி வைத்திருக்கிறார்கள். இழைகளிலேயே நிலையான மின்னூட்டத்தை ஏற்றிவிடுகிறார்கள். தலை வாரிய சீப்பு காகிதத் துணுக்கை இழுக்கிறதே, அதே விசை. தப்பிக்கப் பார்க்கும் துகளை இழை தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. இதனால் காற்றோட்டத்தை நெருக்காமலேயே நன்றாக வடிகட்ட முடிகிறது. ஆனால் மரப்புகை உலர்ந்த தூசு அல்ல. அதில் பிசுபிசுப்பான எண்ணெய் போன்ற கரிமப் பொருள்கள் நிறைய. அவை இழைமேல் படியப் படிய அந்த இழுவிசை மங்கிவிடும். அடைப்பு இருக்காது, காற்று முன்போலவே வீசும், வடிகட்டும் திறன் மட்டும் இறங்கியிருக்கும். வீசுகிற காற்றை வைத்து ஃபில்டரின் நிலையை அறிய முடியாது. இத்தனை ஆயிரம் மைலுக்கு ஒருமுறை மாற்று என்ற கணக்கும் புகை சூழ்ந்த வருடத்துக்குப் பொருந்தாது.

இப்போது பட்டனுக்கு வருவோம். நான் சொல்ல வந்ததே இதைத்தான். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தால் தெளிவாகிவிடும்.

காருக்குள் இருக்கும் காற்று சுமார் 3 கன மீட்டர் என்று வையுங்கள். விசிறி நடுத்தர வேகத்தில் மணிக்கு 150 கன மீட்டர் காற்றைத் தள்ளுகிறது. ஃபில்டர் சுமார்தான், ஒருமுறை கடந்தால் புகைத்துகளில் 30 சதவீதத்தைத்தான் பிடிக்கும். வெளியே துகள் அளவு கன மீட்டருக்கு 150 மைக்ரோகிராம். அந்த நவம்பரில் மோசமான நாட்களில் அந்த அளவில்தான் இருந்தது. வெளிக்காற்றை இழுத்தால், 30 சதவீதம் போக மீதி 70 சதவீதம் உள்ளே வரும். காருக்குள் 105.

அதே ஃபில்டர், அதே விசிறி. பட்டனை மட்டும் அழுத்துங்கள். இப்போது காருக்குள் இருக்கும் காற்று மணிக்கு 50 தடவை ஃபில்டரைக் கடக்கிறது. ஒவ்வொரு தடவையும் 30 சதவீதம் என்றால், மணிக்கு 15 கார் கொள்ளளவு காற்றை முழுதாகச் சுத்தம் செய்ததற்குச் சமம். கதவிடுக்கு வழியாக வெளிப்புகை கசியத்தான் செய்யும். அதை மணிக்கு 5 கார் கொள்ளளவு என்று வைத்துக்கொள்வோம். 5 வருகிறது, 15 சுத்தமாகிறது. கடைசியில் உள்ளே நிற்பது வெளியே இருப்பதில் 5/20, அதாவது கால் பங்கு. 105 இருந்த இடத்தில் 38. ஃபில்டரை 80 சதவீதம் பிடிக்கும் நல்லதாக மாற்றினால் 5/45. 17-க்கு இறங்கிவிடும்.

ஒரு தடவையில் பாதிகூடப் பிடிக்காத ஃபில்டர், திரும்பத் திரும்பக் கடக்கும்போது இவ்வளவு செய்கிறது. இந்தக் கணக்கிலிருந்து இன்னொன்றும் வருகிறது. ரீசர்குலேஷனில் விசிறியைக் கூட்டினால் சுத்தம் கூடும். வெளிக்காற்றில், சுமாரான ஃபில்டரோடு விசிறியைக் கூட்டினால் புகைதான் இன்னும் சீக்கிரம் உள்ளே நிறையும். குளிர்கிறது என்று விசிறியைக் குறைத்துவிடுபவர்கள் அதைக் குறைக்காமல் வெப்பநிலையை ஏற்றிக்கொள்ளலாம்.

நேரக் கணக்கும் இதிலேயே இருக்கிறது. கதவைத் திறந்து குழந்தையை ஏற்றி இறக்குவதற்குள் காருக்குள் வெளிப்புகையே நிறைந்துவிடும். அது அடங்க, மேலே சொன்ன சுமாரான ஃபில்டரோடு ஒன்பது பத்து நிமிடம் ஆகும். இரவெல்லாம் வெளியே நின்ற காருக்குள்ளும் புகை ஏறியிருக்கும். காலையில் எடுக்கும்போது காற்று மாறட்டும் என்று கண்ணாடியை இறக்கத் தோன்றும். வேண்டாம். விசிறியை முழு வேகத்தில் வைத்து உள்காற்றைச் சுற்றவிடுங்கள்.

இதெல்லாம் உள்ளே சுற்றும் காற்றும் ஃபில்டர் வழியாகப் போனால்தான். எல்லாக் கார்களும் அப்படி இல்லை. குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் ஃபில்டர் இருக்கும் கார்களில் பெரும்பாலும் இரண்டு வகைக் காற்றும் அதைக் கடந்துதான் போகும். பானெட்டைத் திறந்து மாற்றும்படி ஃபில்டர் இருந்தால், அது பெரும்பாலும் வெளிக்காற்றுக்கு மட்டும். அந்தக் கார்களில் ரீசர்குலேஷன் புகை நுழைவதைத் தாமதப்படுத்தும், வந்ததை எடுக்காது. நீண்ட பயணத்தில் உள்ளேயும் வெளியேயும் ஒன்றாகிவிடும். காரோடு வந்த கையேட்டில் இதைப் பார்த்துக்கொள்வது நல்லது. அப்படிப்பட்ட கார் என்றால், காருக்கென்று விற்கும் சின்னக் காற்றுச் சுத்திகரிப்பான் ஒன்றை உள்ளே வைப்பது பயன் தரும். ஹெப்பா ஃபில்டரும் விசிறியும் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஓசோன் வெளிவிடும் கருவிகள் பக்கமே போகாதீர்கள், ஓசோனே நுரையீரலை எரிச்சலூட்டும் வாயு.

ரீசர்குலேஷனில் காற்றை இழுக்கும் வாய் பல கார்களில் முன் பயணியின் கால் பக்கம், குளோவ் பாக்ஸுக்கு அடியில் இருக்கும். விசிறியை முழு வேகத்தில் வைத்து, ஒரு டிஷ்யூ காகிதத்தை அங்கே கொண்டுபோனால் சட்டென்று இழுத்து ஒட்டிக்கொள்ளும். அந்தத் தம்பியின் காரில் அந்த இடத்தில் குழந்தையின் டயாப்பர் பை திணித்து வைத்திருந்தது. பையைப் பின்னால் தள்ளியதும் காற்று வீசும் சத்தமே மாறியது.

பட்டனை ஒருதரம் அழுத்திவிட்டால் முடிந்தது என்றும் இருக்க முடியாது. முன்கண்ணாடிப் பனியை விலக்கும் பட்டனைத் தொட்டால், பல கார்கள் தாமாகவே வெளிக்காற்றுக்கு மாறிவிடும். காரை நிறுத்தி மறுபடி கிளப்பினாலும் சிலவற்றில் அப்படித்தான். வெளிக்காற்று கெட்டிருந்தால் தானே மூடிக்கொள்ளும் சென்சார் உள்ள கார்களும் உண்டு. ஆனால் அந்த சென்சார்கள் பொதுவாக முன்னால் போகும் வண்டியின் புகைக்குழாய் வாயுக்களைக் கண்டுபிடிக்கச் செய்தவை. காட்டுத்தீயின் நுண்துகளை அவை பார்ப்பதில்லை. விளக்கு எரிகிறதா என்று கண்ணால் பார்த்துக்கொள்வதே நம்பகமானது.

மூடிய காரில் நாம் விடும் மூச்சையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் நிமிடத்துக்குச் சுமார் 0.3 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுகிறார். நான்கு பேர், பத்து நிமிடம் என்றால் 12 லிட்டர். 3,000 லிட்டர் காற்றில் அது 4,000 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 4,000 பங்கு. வெளிக்காற்றில் இருப்பது 420-ஐ ஒட்டித்தான். கசிவு இருப்பதால் உண்மையில் இவ்வளவு வேகமாக ஏறாது. ஆனால் புதிய கார்கள் இறுக்கமானவை, கூட்டமாகப் போனால் தலை கனத்து ஓட்டுநருக்குத் தூக்கம் தட்டும். அதனால் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை, புகை குறைவான இடம் பார்த்து, ஒரு நிமிடம் வெளிக்காற்றுக்கு மாற்றித் திரும்ப மூடுங்கள். உள்ளே ஏறும் புகையை ஃபில்டர் சில நிமிடங்களில் எடுத்துவிடும், கரியமில வாயுவை அதனால் எடுக்க முடியாது.

புகையின் வாயுக்களும் அப்படித்தான். துகள் ஃபில்டர், ஹெப்பாவே ஆனாலும், வாடையைத் தடுக்காது. அதற்குத்தான் கரி கலந்த ஃபில்டர். பள்ளிப் பாடத்தில் மணல், ஜல்லி, கரி என்று அடுக்கி நீரை வடிகட்டினோமே, அதே கரியின் பதப்படுத்திய வடிவம். ஒரு கிராமுக்குள் 500 சதுர மீட்டருக்கும் மேல் பரப்பு ஒளிந்திருக்கிறது, வாடை தரும் மூலக்கூறுகள் அதில் ஒட்டிக்கொள்கின்றன. கார்பன் மோனாக்சைடு ஒட்டாது. தீக்கு வெகு தொலைவில் அதன் அளவு குறைந்துவிடும். பக்கத்தில் தீ எரியும்போது மூடிய காரையும் ஃபில்டரையும் நம்பி அங்கே நிற்கக் கூடாது.

வாடை போனதால் துகள் போய்விட்டது என்று அர்த்தமில்லை. கண்ணையும் நம்ப முடியாது. 2020 செப்டம்பர் 9 அன்று சான் ஃபிரான்சிஸ்கோ வானம் பட்டப்பகலில் ஆரஞ்சு நிறமாக இருண்டது. அன்று புகை பெரும்பாலும் மேலே மிதந்தது, தரையில் காற்று அவ்வளவு மோசமில்லை. வானம் வெளுத்த அடுத்த நாட்களில்தான் புகை கீழே இறங்கி மூச்சை முட்டியது.

வெளிக்காற்றை உள்ளே விட்டும் புகையைத் தடுக்க முடியும். டெஸ்லா 2015-ல் கொண்டுவந்த 'பயோவெப்பன் டிஃபென்ஸ் மோட்' அதைத்தான் செய்கிறது. பெரிய ஹெப்பா ஃபில்டர் வழியாக நிறையக் காற்றை உள்ளே தள்ளி, காருக்குள் அழுத்தத்தைச் சற்றுக் கூட்டி வைக்கிறது. கசிவு உள்ளிருந்து வெளியே போகும், வெளிப்புகைக்கு வழியில்லை. கரியமில வாயுவும் சேராது. எல்லாக் காரிலும் அவ்வளவு பெரிய ஃபில்டருக்கு இடமில்லை. ஆனால் சாதாரணக் காரிலும் நல்ல ஃபில்டர் போடலாம், அதைவிட முக்கியம் அது ஓரங்களில் இறுக்கமாக உட்கார்வது. பத்தில் ஒரு பங்கு காற்று ஓரத்து இடைவெளியில் நழுவினால், 99.97 சதவீத ஃபில்டராக இருந்தாலும் பத்தில் ஒரு பங்கு புகை உள்ளே வந்துவிடும். தண்ணீர் பள்ளம் தேடுவது போலக் காற்றும் எளிய வழியைத்தான் தேடும்.

நவம்பர் 21 அன்று மழை வந்தது. புகையை ஒரே நாளில் கழுவிக்கொண்டு போனது. அந்த வாரக் கடைசியில் நானும் தம்பியும் அவர் காரின் குளோவ் பாக்ஸை இரு பக்கமும் அமுக்கிக் கழற்றினோம். ஃபில்டர் மடிப்புகளுக்குள் இரண்டு ஓக் இலைச் சருகு, கொஞ்சம் சாம்பல், மற்றபடி சீரான பழுப்பு நிறம். தட்டிப் பார்க்கப் போன தம்பியின் கையைப் பிடித்து நிறுத்தி, அப்படியே பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டினோம். வைப்பர் பள்ளத்தில் கிடந்த சருகையும் சாம்பலையும் ஈரத்துணியால் துடைத்து எடுத்தோம். புதிய ஃபில்டரின் விளிம்பில் காற்று போகும் திசைக்கு அம்புக்குறி போட்டிருந்தது. பழையதில் அது தலைகீழாக இருந்ததைத் தம்பிதான் கவனித்தார்.