மைல்ஸில் ரிக்கெற்: பிஸ்னஸா, எக்கனமியா? போடுமுன் பார்க்கவேண்டிய கணக்கு

“பொயின்ற்ஸ் சும்மாதானே கிடக்குது, அம்மாவுக்கு பிஸ்னஸிலயே போட்டுவிடுவம்.” ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கும் பிள்ளை இப்படிச் சொல்லும்போது அதில் பாசம் நிறைய இருக்கிறது, கணக்கு இல்லை. மைல்ஸ் சும்மா கிடப்பதில்லை. கிரெடிட் காட்டில் வருடக்கணக்காகச் செலவழித்துச் சேர்த்த, விமான ரிக்கெற்றுக்கு மாற்றக்கூடிய பொயின்ற்ஸ்தான் அவை. இந்த முறை அம்மாவின் ஒரு இருக்கைக்கு எல்லாவற்றையும் கொடுத்துவிட்டால், அடுத்த வருடம் குடும்பமாக நான்கு பேர் நல்லூர்த் திருவிழாவுக்கு வர நினைக்கும்போது கையில் ஒன்றும் இராது. பிஸ்னஸ் கிளாஸ் வீண் என்று சொல்ல வரவில்லை. சில பயணங்களுக்கு அதைவிட நல்ல செலவு இல்லை. எந்தப் பயணத்துக்கு என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பலரும் செய்யும் கணக்கு இப்படி இருக்கும். விளங்குவதற்காக எண்களை நாங்களே வைத்துக்கொள்வோம். ஒரு பயணத்துக்கு எக்கனமி போய்வர காசு விலை 2,50,000 ரூபா. அதே பயணம் மைல்ஸில் 70,000 மைல்ஸும் வரி, கட்டணமாக 60,000 ரூபாவும். மிச்சம் 1,90,000 ரூபா. ஒரு மைலுக்கு 2 ரூபா 71 சதம் கிடைக்கிறது. பிஸ்னஸில் காசு விலை 8,50,000. மைல்ஸில் 1,60,000 மைல்ஸும் 1,10,000 ரூபாவும். மிச்சம் 7,40,000. ஒரு மைலுக்கு 4 ரூபா 62 சதம். “பாருங்கோ, பிஸ்னஸில்தான் மைலுக்குப் பெறுமதி கூட” என்று முடிவெடுத்துவிடுவார்கள்.

இங்கேதான் பிழை. அந்த 8,50,000 ரூபாவை நீங்கள் ஒருநாளும் கையிலிருந்து கொடுத்திருக்க மாட்டீர்கள். கொடுக்காத காசை மிச்சம் என்று எழுத முடியாது. சரியான கேள்வி வேறு: எக்கனமியிலிருந்து பிஸ்னஸுக்கு ஏற நான் மேலதிகமாக என்ன கொடுக்கிறேன்? 90,000 மைல்ஸ் கூட, 50,000 ரூபா கூட. அந்த 90,000 மைல்ஸை எக்கனமியில் செலவழித்தால் மைலுக்கு 2.71 ரூபாப்படி ஏறக்குறைய 2,44,000 ரூபாவுக்குச் சமன். இரண்டையும் கூட்டினால் 2,94,000. இப்போது உங்களையே கேளுங்கள்: படுத்துப் போவதற்கு இந்த 2,94,000 ரூபாவை உண்டியலில் இருந்து எடுத்துக் கொடுப்பேனா? ஓம் என்றால் யோசிக்காமல் பிஸ்னஸ் போடுங்கள். இல்லை என்றால் எக்கனமி. உங்கள் உண்மையான எண்களை வைத்து இதே கணக்கை ஒரு தாளில் போட ஐந்து நிமிடம் போதும்.

ஒரு விலக்கு உண்டு. காலாவதியாகப் போகும் மைல்ஸுக்கு இந்தப் பெறுமதி பொருந்தாது. சிங்கப்பூர் எயார்லைன்ஸின் கிறிஸ்ஃப்ளையர் மைல்ஸ் சேர்ந்து 3 வருடத்தில் காலாவதியாகும். பிரிட்டிஷ் எயார்வேஸ், கட்டார் போன்றவற்றின் ஏவியோஸில் 36 மாதம் கணக்கு அசையாமல் இருந்தால்தான் போகும், எயார் கனடாவின் ஏரோப்பிளானில் அது 18 மாதம். அழியப்போகிற மைல்ஸ் என்றால் பிஸ்னஸுக்குக் கொடுப்பதே நல்லது.

வரியை எல்லோரும் கடைசிப் பக்கத்தில்தான் கவனிக்கிறார்கள். மைல்ஸ் ரிக்கெற்றிலும் வரி கட்டவேண்டும், சில நாடுகளில் அது வகுப்பைப் பொறுத்து மாறும். பிரித்தானியாவிலிருந்து புறப்படும்போது அறவிடும் பயணிகள் வரி, நீண்டதூரப் பயணத்தில் எக்கனமியைவிட பிஸ்னஸுக்கு இரண்டு மடங்குக்கும் மேல். அதோடு 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு எக்கனமியில் அந்த வரியே இல்லை. பிஸ்னஸில் இருத்தினால் பிள்ளைக்கும் முழு வரி. பிரான்ஸில் 2025 மார்ச் முதல் நீண்டதூரத்துக்கு எக்கனமியில் 40 யூரோ, பிஸ்னஸில் 120 யூரோ. இவை அந்த நாட்டில் பயணத்தைத் தொடங்குவோருக்குத்தான். கொழும்பிலிருந்து லண்டன் வழியாக 24 மணித்தியாலத்துக்குள் மாறிப் போகிறவருக்கு பிரித்தானிய வரி வராது. இரண்டு நாள் தங்கி சொந்தக்காரரைப் பார்த்துப் போனால் வரும். இதற்கு மேல் விமான நிறுவனமே போடும் எரிபொருள் கட்டணம் இருக்கிறது. சில மைல்ஸ் திட்டங்கள் அதை அப்படியே வாங்கும். ஏரோப்பிளான் வாங்குவதில்லை, கூட்டாளி விமானத்துக்குப் பதிவு செய்ய 39 கனேடிய டொலர் மட்டும் எடுக்கிறது. ஒரே விமானம், ஒரே இருக்கை, ஆனால் எந்தத் திட்டத்தால் போடுகிறீர்கள் என்பதில் இலட்சக்கணக்கில் வித்தியாசம் வரலாம்.

பயணத்தை முழுதாக ஒரு வகுப்பு என்று எண்ணாமல் துண்டு துண்டாகப் பாருங்கள். கொழும்பு–டுபாய் 4½ முதல் 5 மணித்தியாலம். டுபாய்–ரொறன்ரோ சுமார் 14. முதலாவதில் சாப்பிட்டு, கொஞ்சம் கண்ணை மூடினால் வந்துவிடும். முதுகு நோவது இரண்டாவதில். ஏவியோஸ் போன்ற திட்டங்களில் ஒவ்வொரு பறப்புக்கும் தனித்தனியாக மைல்ஸ் வெட்டுவதால், சின்னத் துண்டை எக்கனமியிலும் பெரிய துண்டை பிஸ்னஸிலும் போடுவது உண்மையான மிச்சம். வேறு சில திட்டங்களில் ஒரு துண்டு பிஸ்னஸ் என்றால் முழுப் பயணத்துக்கும் பிஸ்னஸ் மைல்ஸ்தான். அங்கே தேடலில் “பிஸ்னஸ்” என்று கண்டதும் அமத்திவிடாதீர்கள். ஒவ்வொரு துண்டையும் திறந்து பாருங்கள். 5 மணித்தியாலத் துண்டு பிஸ்னஸும் 14 மணித்தியாலத் துண்டு எக்கனமியுமாக, பிஸ்னஸ் விலைக்கே ரிக்கெற் வாங்கி ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள். வலைத்தளம் அதைச் சின்ன எழுத்தில் சொல்லியிருக்கும்.

பகல், இரவும் முக்கியம். கட்டுநாயக்காவிலிருந்து நேரே லண்டன் போகும் பயணம் சுமார் 11 மணித்தியாலம். மதியம் ஏறி, லண்டன் நேரப்படி அன்றிரவே இறங்குகிற விமானத்தில் படுக்கை அவ்வளவு தேவைப்படாது. லண்டனில் இரவு ஏறி மறுநாள் இங்கே இறங்கி, அதற்குமேல் யாழ்ப்பாணத்துக்கு ஏழெட்டு மணித்தியாலம் வான் வண்டியில் இருக்கவேண்டியவருக்கு நித்திரை தேவை. எனவே போகும்போது எக்கனமி, வரும்போது பிஸ்னஸ். பெரும்பாலான திட்டங்களில் மைல்ஸ் ரிக்கெற்றை ஒருவழியாகவே போடலாம் என்பதால் இதற்குத் தடையில்லை.

“பிஸ்னஸ்” என்ற பெயர் ஒன்று, இருக்கை பல. ஸ்ரீலங்கனின் எயார்பஸ் 330-300 இல் 1-2-1 என்ற வரிசை, முழுதாகப் படுக்கலாம், எல்லோருக்கும் நடைபாதை. அதே நிறுவனம் பக்கத்து நாடுகளுக்கு ஓட்டும் 320, 321 விமானங்களில் பிஸ்னஸ் என்பது சற்றுச் சாயும் அகலமான கதிரை. சென்னைக்கு ஒன்றேகால் மணித்தியாலம் போக அதற்கு மைல்ஸ் கொடுப்பது எங்கள் கணிப்பில் வீண். எமிரேட்ஸின் பழைய போயிங் 777 சிலவற்றில் பிஸ்னஸிலும் 2-3-2. நடு இருக்கைக்காரர் பக்கத்தில் இருப்பவரைக் கடந்துதான் எழும்பவேண்டும். ரிக்கெற் போடுமுன் விமான வகையையும் இருக்கைப் படத்தையும் பாருங்கள். போட்ட பிறகும் மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள், விமானத்தை மாற்றுவார்கள்.

இனி வயது போனவர்களின் விசயம். பிள்ளைகள் பிஸ்னஸ் கேட்பதற்குப் பெரிய காரணம் வீல்செயார். வீல்செயார் உதவி எக்கனமிக்காரருக்கும் ஒரு சதமும் இல்லாமல் கிடைக்கும். கேட்டுப் பதிய வேண்டும், அவ்வளவுதான். குறைந்தது 48 மணித்தியாலம் முன்னதாகச் சொல்லுங்கள். படியேற ஏலுமா, கதவுவரை மட்டும் போதுமா, இருக்கைவரை கொண்டுபோய் விடவேண்டுமா என்று மூன்று விதமாகப் பதிவார்கள். “நடக்கமாட்டா” என்று மட்டும் சொன்னால் பிழையான வகையில் போய்விடும். கால் நாளத்தில் இரத்தம் உறைவதை எக்கனமி நோய் என்று பேசிக்கொள்கிறார்கள். அது வகுப்பால் வருவதில்லை, அசையாமல் இருப்பதால் வருவது. 4 மணித்தியாலத்துக்கு மேற்பட்ட பயணத்தில் அந்த ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007 இல் சொன்னது. அப்படிப் பறக்கும் நலமானவர்களில் அது 6,000 பேரில் ஒருவரளவில். பிஸ்னஸில் மாத்திரை போட்டு 10 மணித்தியாலம் அசையாமல் படுப்பவருக்கும் அது வரும். முழங்கால் சத்திரசிகிச்சை செய்தவர், கால் வீங்குகிறவர், ஒரேயடியாக இருக்க ஏலாதவர் என்றால், இரவு நீண்டதூரத்துக்கு பிஸ்னஸ் நியாயமான செலவு. டொக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுங்கள்.

கணக்கெல்லாம் சரி, இருக்கை கிடைக்க வேண்டுமே. மைல்ஸுக்கென்று ஒரு விமானத்தில் திறப்பது கொஞ்சம்தான். பிஸ்னஸில் ஒன்று இரண்டு என்பது வழமை. நான்கு பேருக்கு ஒன்றாகக் கிடைப்பது அரிது. பதினொரு, பன்னிரண்டு மாதம் முன்னுக்கு ஒரு அலை திறக்கும். விலைப்படாமல் மிஞ்சினால் கடைசி இரண்டு வாரத்தில் இன்னொரு அலை. ஆவணி மாதம், அங்கே பள்ளிக்கூட விடுமுறையும் இங்கே நல்லூர்த் தேரும் சேரும் காலத்தில் கடைசி அலையை நம்பி இராதீர்கள். இன்னொன்று: வங்கிப் பொயின்ற்ஸை விமானத் திட்டத்துக்கு மாற்றினால் பெரும்பாலும் திரும்ப எடுக்க முடியாது. வலைத்தளத்தில் இருக்கை காட்டும், காசு கட்டும்போது இல்லை என்னும். அப்படி வருவது சாதாரணம். எனவே கடைசிப் பக்கம்வரை போய்ப் பார்த்து, முடிந்தால் அழைத்தும் கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

கட்டுநாயக்கா தூரம் என்று பலாலியால் சென்னை போய், அங்கிருந்து மைல்ஸில் லண்டனுக்கு பிஸ்னஸ் போடுகிறவர்கள் கூடுகிறார்கள். பலாலி 2019 ஒக்டோபரில் சர்வதேச நிலையமான பிறகு வந்த நல்ல வசதி அது. ஆனால் இரண்டும் வேறு வேறு ரிக்கெற். பலாலியில் வருவது ஏ.ரி.ஆர் என்ற சின்ன விமானம், ஒரே வகுப்பு, கொண்டுபோகக்கூடிய நிறை குறைவு. மைல்ஸ் ரிக்கெற்றில் 32 கிலோப் பெட்டி இரண்டு என்று இருந்தாலும் பலாலியில் அது செல்லாது. பனங்கட்டியும் மிளகாய்த்தூளும் புழுக்கொடியலும் கட்டிய பெட்டிக்கு அங்கே மேலதிக காசு கட்டவேண்டும். சென்னையில் பெட்டியை எடுத்துத் திரும்பப் போட இலங்கைக் கடவுச்சீட்டுக்கு இந்திய விசா வேணும். பலாலி விமானம் பிந்தினால் லண்டன் விமானம் காத்திராது, மைல்ஸும் திரும்பாமல் போகலாம். இந்த வழியால் போவதென்றால் சென்னையில் ஒரு இரவு தங்குவதாகவே திட்டமிடுங்கள்.

கடைசியாக, முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் “பிஸ்னஸ் கிளாஸ் அரைவிலை” என்று வரும் விளம்பரம். அதில் பல, யாரோ ஒருவரின் மைல்ஸை வாங்கியோ திருடியோ போடும் ரிக்கெற். மைல்ஸை விற்பதைத் திட்டங்கள் தடைசெய்திருக்கின்றன. பிடித்தால் ரிக்கெற்றை இரத்துச் செய்வார்கள், சில வேளை திரும்பி வரும் துண்டில்தான். யார் கணக்கிலிருந்து மைல்ஸ் போகிறது என்று கேளுங்கள். பிள்ளையோ சகோதரமோ தன் கணக்கில் உங்களைப் பயனாளியாகப் பதிந்து போட்டால் பிரச்சினையில்லை. பெயர் தெரியாத ஒருவர் என்றால் வாங்காதீர்கள். கையில் வந்த தாளில் ஆறு எழுத்துப் பதிவு எண் மட்டும் இருந்தால் அது ரிக்கெற் அல்ல, பிடித்துவைத்த இடம். 13 இலக்க ரிக்கெற் எண் வேணும். ஸ்ரீலங்கன் கொடுத்தது 603 இல் தொடங்கும், கட்டார் 157, எமிரேட்ஸ் 176, பிரிட்டிஷ் எயார்வேஸ் 125, எயார் கனடா 014. ஏரோப்பிளானால் எமிரேட்ஸில் போட்டால் 014 என்றுதான் இருக்கும், பயப்படவேண்டாம். அந்த எண்ணோடு விமான நிறுவனத்தின் தளத்தில் நீங்களே ஏறி, கடவுச்சீட்டில் உள்ளபடி பெயரும் ஒவ்வொரு துண்டின் வகுப்பும் சரியா என்று பார்த்த பிறகு விமான நிலையம் போக வான் வண்டிக்குச் சொல்லுங்கள்.