பாதி எழுதிய வரியைப் புரிந்துகொள்ளும் எடிட்டர்

"ஃபார்ம் முழுக்க கன்ட்ரோல்கள். கோடில் ஒரு பெயர்மேல் மவுஸை வைத்ததும் 'இது பட்டன்' என்று விஷுவல் ஸ்டுடியோ எப்படிச் சொல்கிறது?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். கன்ட்ரோல் என்பது பட்டன், எழுத்துப் பெட்டி போன்ற திரை உறுப்பு; விஷுவல் ஸ்டுடியோ, புரோகிராம் எழுத உதவும் மைக்ரோசாஃப்ட் மென்பொருள். எடிட்டர் அந்தப் பெயரை ஃபைல்களில் தேடிப் பார்ப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல.

விண்டோஸ் புரோகிராம்களுக்குத் திரை வடிவமைக்கும் விண்டோஸ் ஃபார்ம்ஸில் ஒரு பட்டனை இழுத்து வைத்தால், டிசைனர் அதற்கான டிக்ளரேஷனை, அதாவது 'இந்தப் பெயர் இந்த வகை' என்ற அறிவிப்பை, தனி ஃபைலில் எழுதிவிடும். ஆக, திரையில் தெரியும் பட்டன் கோடைப் பொறுத்தவரை ஒரு சாதாரண வேரியபிள்தான். எடிட்டர் கோடை அதன் இலக்கண அமைப்பைக் காட்டும் கிளைகள் கொண்ட மரமாகப் பிரித்து, ஒவ்வொரு பெயரையும் அதன் டிக்ளரேஷனோடு இணைத்து வைக்கிறது. ஒரு ஃபங்ஷனுக்குள் அதே பெயரில் வேறொரு வேரியபிள் இருந்தாலும் குழம்பாது.

இதுவரை பாடப்புத்தகம். எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். 'சேமிபட்டன்' என்று தட்டிப் புள்ளி வைக்கிறீர்கள். பட்டியல் விரிய வேண்டிய அந்தக் கணத்தில் வரி இலக்கணப்படி பிழையானது: புள்ளிக்குப் பின் பெயர் இல்லை, முடிவில் அரைப்புள்ளியும் இல்லை. சி ஷார்ப் மொழிக்கான கம்பைலரான ரோஸ்லினின் பார்சர் (கோடைப் படித்து மரமாக்கும் பகுதி) இதைக் கண்டு நின்றுவிடுவதில்லை. பெயர் வரவேண்டிய இடத்தில் நீளம் பூஜ்யமான ஒரு டோக்கனை (கோடின் ஒரு சொல் அல்லது குறியை) தானே செருகி, 'விடுபட்டது' என்று குறித்துக்கொள்கிறது. பொருந்தாத சொற்கள் வந்தால் அவற்றையும் எறியாமல் மரத்திலேயே ஒட்டிவைக்கிறது. அதனால் அந்த மரத்திலிருந்து மூல ஃபைலை ஓர் எழுத்துகூடக் குறையாமல் திரும்ப எடுக்கலாம்! வலப்பக்கம் வெறுமையாக இருந்தாலும், இடப்பக்கம் நிற்பது பட்டன் என்று தெரிந்துவிடுகிறது. டெக்ஸ்ட், எனேபிள்டு, கிளிக் எல்லாம் பட்டியலில் வந்து நிற்கின்றன.

ஒவ்வொரு தட்டலுக்கும் முழு மரத்தையும் புதிதாகக் கட்டினால் தாங்காது. மாறாத கிளைகளை அப்படியே வைத்துக்கொள்ளும் வழிகளை 1990களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டிம் வாக்னர் என்ற ஆய்வாளர் ஆராய்ந்தார். இன்று பல எடிட்டர்கள் பயன்படுத்தும் ட்ரீ-சிட்டர் என்ற பார்சர் கருவி அந்த ஆய்வின் மேல் எழுந்தது. 'உடனே என்ன பயன்?' என்று கேட்டு இத்தகைய ஆய்வுகளுக்கு நிதி மறுப்பது பெரும் தவறு என்பேன்.

ஒரு எச்சரிக்கை. கன்ட்ரோலின் பெயரை மேற்கோள் குறிக்குள் எழுதித் தேடி எடுத்தால், எடிட்டருக்கு அது வெறும் ஸ்ட்ரிங், அதாவது பொருளறியாத எழுத்துத் தொடர். கன்ட்ரோலின் பெயரை ரீநேம் செய்யும்போது எடிட்டர் வழக்கமாக அதைத் தொடாது. பழைய பெயர் அப்படியே கிடக்கும், புரோகிராம் ஓடும்போதுதான் பிழை வெடிக்கும். முடிந்தவரை வேரியபிளாகவே கையாளுங்கள்.