நடுவரைத் திட்டுறதுக்கு முன்னாடி மானிட்டரைப் பாருங்க

போன ஞாயிற்றுக்கிழமை உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் பாட்டுப் போட்டி. மைக்செட் எங்களுடையது. முடிவை அறிவித்துப் பத்து நிமிஷம் ஆகியிருக்காது, ஒரு பிள்ளையின் அப்பா மிக்சர் டேபிளுக்கு வந்து நின்றார். "பார்த்தீகளாண்ணே, அவிங்க ஊர்ப் பிள்ளைகளுக்கே மார்க்க அள்ளிப் போட்டுக்கிட்டாய்ங்க." நான் வயரைச் சுற்றிக்கொண்டே தலையை ஆட்டினேன். அவர் விடவில்லை. "உலகம் பூரா இப்படித்தாண்ணே. யூரோவிஷன்னு ஒரு போட்டி நடக்குதாம்ல, அதுலயே பிரிட்டனுக்கு முட்டை போட்டு அனுப்பியிருக்காய்ங்க. யூடியூப்ல பார்த்தேன். எல்லாம் அரசியல்."

இந்த வருஷம் நான் கேட்கிற ஆறாவது சதிக்கதை இது. அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன், இங்கே எழுதித் தீர்க்கிறேன்.

யூரோவிஷன் என்பது ஐரோப்பிய நாடுகள் வருஷா வருஷம் ஆளுக்கொரு பாட்டை அனுப்பி மோதிக்கொள்ளும் போட்டி. அவர் பார்த்த கதை 2003-இல் நடந்தது. லாட்வியாவின் தலைநகர் ரீகாவில் போட்டி, மொத்தம் 26 நாடுகள். பிரிட்டன் அனுப்பியது ஜெமினி என்ற ஜோடியை (நம்ம ஜெமினி கணேசன் இல்லை, லிவர்பூல்காரர்கள், ஓர் ஆண், ஒரு பெண்). அதற்கு முன் ஐந்து முறை பட்டம் வாங்கிய நாடு, முதல் தடவையாகப் பூஜ்ஜியத்தோடு கடைசி இடத்தில் நின்றது. உடனே ஒரு விளக்கம் கிளம்பியது: ஈராக் போரில் பிரிட்டன் அமெரிக்காவோடு சேர்ந்துகொண்டது, அந்தக் கோபத்தை ஐரோப்பா பாட்டில் காட்டிவிட்டது. பிபிசிக்காக வருஷா வருஷம் இந்தப் போட்டியை வர்ணனை செய்த டெர்ரி வோகனே அப்படித்தான் பேசினார்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே போருக்குப் படை அனுப்பிய போலந்து அன்றைக்கு 7-ஆவது இடம். போரை ஆதரித்து முன்வரிசையில் நின்ற ஸ்பெயினுக்கு 81 புள்ளி. அவர்கள் மேல் மட்டும் கோபம் வரவில்லையா? பக்கத்து வீடான அயர்லாந்துகூட பிரிட்டனுக்கு ஒரு புள்ளி தரவில்லை, அதற்கு எந்தப் போரைக் காரணம் சொல்வது?

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் படித்தவர்கள்கூட இதில்தான் தடுக்கி விழுகிறார்கள். அந்தப் போட்டியில் யாருக்கும் எதிராக ஓட்டுப் போட முடியாது. அப்படி ஒரு பொத்தானே கிடையாது. ஒவ்வொரு நாடும் தனக்குப் பிடித்த பத்துப் பாட்டுக்கு மட்டும் புள்ளி கொடுக்கும்: முதலாவதுக்கு 12, அடுத்ததுக்கு 10, அப்புறம் 8, 7 என்று இறங்கிப் பத்தாவதுக்கு 1. பதினொன்றாவதாக வந்தாலும் பூஜ்ஜியம்தான், இருபத்தைந்தாவதாக வந்தாலும் பூஜ்ஜியம்தான். ஆக, பூஜ்ஜியம் என்றால் எல்லாரும் வெறுத்தார்கள் என்று அர்த்தம் இல்லை. யாருடைய முதல் பத்துக்குள்ளும் வரவில்லை, அவ்வளவுதான். கல்யாண வீட்டில் உங்கள் மொய்க் கவரைக் கிழித்துப் போட்டுவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகிறீர்கள், நோட்டில் உங்கள் பெயரே ஏறவில்லை. பக்கத்து நாட்டுப் பாசமே இல்லை என்று சொல்ல மாட்டேன். கிரீஸும் சைப்ரஸும் மாற்றி மாற்றி 12 போட்டுக்கொள்வது ஊரறிந்த விஷயம். ஆனால் அந்தப் பாசம் ஒருவரைக் கொஞ்சம் மேலே தூக்கிவிடும், நன்றாகப் பாடிய இன்னொருவரைப் பூஜ்ஜியத்துக்கு இழுத்துத் தள்ளாது.

அப்படியானால் 2003-இல் என்னதான் நடந்தது? அந்தக் காட்சியைத் தேடிப் பாருங்கள், கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் போதும். முதல் வரியிலேயே சுருதி விலகுகிறது. இறங்கி வந்தபின் அந்த ஜோடி சொன்னது, மேடையில் டிராக்கே சரியாகக் கேட்கவில்லை என்பது. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு அதற்குமேல் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, மானிட்டர் என்று புரிந்துவிடும் (பாடுகிறவருக்குத் தன் குரலும் டிராக்கும் கேட்க மேடையில் அவரைப் பார்த்து வைக்கிற ஸ்பீக்கர்தான் மானிட்டர்). 1999-இலிருந்து அங்கே ஆர்கெஸ்ட்ரா கிடையாது. அன்றைக்கு இசை முழுக்கப் பதிவு செய்த டிராக், குரல் மட்டும் நேரடி. நம்ம ஊர் கரோக்கி மாதிரிதான், மேடை பெரிசு. கூட வாசிக்கிற ஆள் இருந்தால் பாடகர் தடுமாறும்போது ஒரு கண் ஜாடையில் பிடித்துக்கொள்வார். டிராக்குக்கு இரக்கம் கிடையாது, அது பாட்டுக்குப் போகும். (பாட்டும் சுமார்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பழி முழுவதையும் மானிட்டர் மேல் போட்டால் அதுவும் ஒரு சதிக்கதை.)

எல்லாப் பூஜ்ஜியமும் சுருதியால் வருவதும் இல்லை. 2021-இல் (அதற்குள் நடுவர் புள்ளி தனி, மக்கள் புள்ளி தனி என்று ஆகிவிட்டது) பிரிட்டனின் ஜேம்ஸ் நியூமனுக்கு நடுவர்களும் தரவில்லை, மக்களும் தரவில்லை, இரண்டு பக்கமும் பூஜ்ஜியம். உடனே பிரெக்சிட் கோபம், அதாவது ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் வெளியேறிய கோபம் என்றார்கள். அதே இரவில் ஜெர்மனிக்கும் ஸ்பெயினுக்கும், போட்டியை நடத்திய நெதர்லாந்துக்கும்கூட மக்கள் ஓட்டில் பூஜ்ஜியம்தான். பந்தி வைத்தவருக்கே இலை கிடைக்கவில்லை, இதில் பிரெக்சிட் எங்கே வந்தது? அடுத்த வருஷம் அதே பிரிட்டன் சாம் ரைடரை அனுப்பியது. இத்தாலியின் டுரினில் நடந்த போட்டியில் 466 புள்ளி, உக்ரைனுக்கு அடுத்து இரண்டாம் இடம், நடுவர் ஓட்டில் முதலிடம். பாட்டும் பாடினவரும் மாறியதைத் தவிர வேறு ஒன்றும் மாறவில்லை.

சரி, உசிலம்பட்டிக்கு வருகிறேன். அந்தப் பிள்ளைக்கு நல்ல குரல், பொய் சொல்லவில்லை. சவுண்ட் செக்குக்கு நாலு மணிக்கு வரச் சொன்னோம், ஆறரைக்கு வந்தார்கள். டிராக்கை அப்பா போனிலிருந்து புளூடூத்தில் போடச் சொன்னார். பிள்ளை மேடை ஏறியது, பல்லவியிலேயே சுருதி இறங்கிவிட்டது, சரணத்தில் கத்த ஆரம்பித்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை, மானிட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. எட்டிப் பார்த்தால் சிறப்பு விருந்தினருக்குப் போர்த்திய பொன்னாடைகளை மடித்து அடுக்கி வைக்க ஒரு புண்ணியவானுக்குக் கிடைத்த இடம் எங்கள் மானிட்டர் பாக்ஸ். அதன் வாயைப் பூராவும் துணி மூடிக்கிடந்தது. ரீகாவில் எதுவானாலும் ஆகட்டும், இங்கே சதி செய்தது பொன்னாடை. என் தப்பும் இதில் உண்டு, ஒவ்வொரு ஆள் ஏறும்போதும் மேடையை ஒரு பார்வை பார்த்திருக்க வேண்டும்.

பாடுகிறவர்கள் பலருக்கும் ஒரு நினைப்பு: கூட்டத்தைப் பார்த்திருக்கும் பெரிய ஸ்பீக்கரில் தன் குரல் கேட்கிறதே, அது போதுமே என்று. போதாது தம்பி. ஒலி ஒரு வினாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். பின்சுவர் 17 மீட்டர் தள்ளி இருந்தால், போய்த் திரும்பி வர வினாடியில் பத்தில் ஒரு பங்கு ஆகிவிடும். நீங்கள் கேட்பது நீங்கள் ஏற்கெனவே பாடி முடித்த வரியின் வால். அதைப் பிடித்துக்கொண்டு பாடினால் தாளம் பின்னால் போகும். எதுவுமே கேட்காவிட்டால் கத்துவீர்கள், கத்தினால் சுருதி நிற்காது. காலடியில் இருக்கிற அந்தச் சின்னப் பெட்டி அலங்காரத்துக்கு வைத்தது இல்லை.

அதனால் கொஞ்சம் கேளுங்கள். சவுண்ட் செக்குக்குச் சொன்ன நேரத்துக்கு வாருங்கள். வந்ததும் "எக்கோ கூட்டுங்கண்ணே" என்று ஆரம்பிக்காதீர்கள். எக்கோ உங்கள் சுருதியை மூடி மறைக்காது, உங்களுக்கே அது தெரியாமல் செய்துவிடும். "மானிட்டர்ல என் குரலைக் கொஞ்சம் ஏத்துங்கண்ணே, டிராக்கைக் குறைங்கண்ணே" என்று கேளுங்கள், சந்தோஷமாகச் செய்வோம். டிராக்கைப் பென் டிரைவில் கொண்டுவாருங்கள். போன்தான் என்றால் வயரில் கொடுங்கள், ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். சரணத்துக்கு நடுவில் மாமா போன் அடித்து டிராக் நின்ற கதை என்னிடமே மூன்று இருக்கிறது. மைக்கின் தலையைக் கைக்குள் பொத்திப் பிடிக்காதீர்கள், அது கூவும், கூவினால் மொத்தச் சத்தத்தையும் குறைப்பேன், அப்புறம் உங்களுக்கு ஒன்றும் கேட்காது.

கட்டை (பாடுகிற சுருதியின் அளவு) விஷயத்தில் மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். ஐந்தரைக் கட்டையில் பாடுகிற பிள்ளைக்கு, ஆண் குரலுக்குப் போட்ட ஒரு கட்டை டிராக்கைக் கொடுத்து, "எப்படியாவது பாடிரு பாப்பா" என்று மேடை ஏற்றாதீர்கள். அதே டிராக்கைச் சுருதி மாற்றித் தர இப்போது போனிலேயே வழி இருக்கிறது, தெரியாவிட்டால் எங்களிடம் கேளுங்கள், காசு வாங்க மாட்டோம். வீட்டில் இயர்போனை மாட்டிக்கொண்டு ஒரு மாசம் பழகிவிட்டு நேராக மேடைக்கு வராதீர்கள். ஒரு நாளாவது டிராக்கைத் தூரத்தில் ஓடவிட்டு, ஃபேன் சத்தத்துக்கு நடுவில் பாடிப் பாருங்கள்.

பாட ஆரம்பித்த பிறகு மானிட்டர் கேட்கவில்லை என்றால் தயங்காமல் நிறுத்துங்கள். கையைத் தூக்கி "அண்ணே, கேட்கல" என்று சொன்னால் எந்த நடுவரும் மார்க் குறைக்க மாட்டார். தம் கட்டிக்கொண்டு முழுப் பாட்டையும் தப்பாகப் பாடினால்தான் குறைப்பார்.

விழாக் கமிட்டி அண்ணன்மார்களுக்கு ஒன்றே ஒன்று. பொன்னாடை வைக்க ஒரு டேபிள் போடுங்கள். டேபிள் இல்லையென்றால் சொல்லுங்கள், வேனில் எங்களிடம் ஒன்று சும்மாதான் கிடக்கிறது.