தீச்சுவர் அணைந்தால் நல்லதுதானே?

பெரியப்பா போன மாதம் வீட்டுக் கணினிக்கு ஒரு பாதுகாப்பு மென்பொருள் வாங்கிப் போட்டார். பெயர் வேண்டாம். ஆன்டிவைரஸ், இணையத்திலிருந்து வேண்டாதது உள்ளே நுழையாமல் காக்கும் ஃபயர்வால், விபிஎன், கடவுச்சொல் பெட்டகம், பிள்ளைகளுக்கான கட்டுப்பாடு என்று எல்லாம் ஒரே டப்பாவில், ஓராண்டுச் சந்தா. மொழியைத் தமிழுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு வசதி வேறு. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் சும்மா இருப்பாரா? மாற்றிவிட்டார்.

ஒரு வாரம் கழித்து நான் போனபோது திரையின் மூலையில் சிவப்புப் பட்டை ஒன்று துடித்துக்கொண்டிருந்தது: “தீச்சுவர் அணைக்கப்பட்டுள்ளது.”

“பெரியப்பா, இது எத்தனை நாளா இப்படி இருக்கு?”

“அது நாலஞ்சு நாளா சொல்லிக்கிட்டே இருக்கு. தீ அணைஞ்சிருச்சுன்னுதானப்பா சொல்லுது? நல்ல சேதிதானே!”

அவரைக் குறை சொல்ல முடியவில்லை. தீயை அணைத்தால் நிம்மதி. அது தமிழ் தெரிந்த எவருக்கும் தோன்றுவதுதான். திரை சொல்ல வந்தது ‘ஃபயர்வால் ஆஃப்’, அதாவது அந்தக் காவல் இயங்கவில்லை என்று. மொழிபெயர்த்தவர் ‘ஃபயர்வால்’ என்ற சொல்லைத் தனியாக ஒரு பட்டியலில் பார்த்திருப்பார், ‘ஆஃப்’ என்ற சொல்லை வேறொரு பட்டியலில் பார்த்திருப்பார். இரண்டும் ஒரே வாக்கியத்தில் சந்தித்தபோது அவர் அங்கே இல்லை.

ஆங்கிலத்தில் இந்தச் சொல்லின் கதை சின்னதுதான். ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்றில் பிடித்த தீ அடுத்ததற்குத் தாவாமல் இருக்க நடுவில் எழுப்பும் கனமான சுவருக்கு ஃபயர்வால் என்று பெயர். பிறகு காரில் என்ஜினுக்கும் ஆள் உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள தகட்டுக்கும் அதே பெயர் வந்தது. 1980களின் இறுதியில் கணினி வலையமைப்புக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

நம்மிடம் அது தீச்சுவர் ஆனது. நெருப்புச்சுவர், அனற்சுவர், தீயரண் என்று பங்காளிகளும் உண்டு. இவற்றுக்கு வக்காலத்து வாங்குபவர்கள் எப்போதும் எடுத்துப்போடும் துருப்புச்சீட்டு கொசுவலை. “கொசுவலை என்றால் கொசுவால் செய்த வலையா? கொசுவைத் தடுக்கும் வலை. இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. தீச்சுவரும் அப்படித்தான்” என்பார்கள். இலக்கணம் சரி. ஆனால் கொசுவைக் கொண்டு வலை பின்ன முடியாது என்பதால்தான் அங்கே குழப்பமே வருவதில்லை. தீ அப்படியா? சுவர்போல எழுந்து நிற்கும் தீயை நாம் மனக்கண்ணில் நொடியில் பார்த்துவிடுவோம். மண்சுவர் என்றால் மண்ணால் ஆன சுவர், செங்கல்சுவர் என்றால் செங்கல்லால் ஆன சுவர். தீச்சுவர் மட்டும் எப்படி வேறு திசையில் போகும்?

இன்னும் கொஞ்சம் தோண்டிப் பார்த்தால் தமிழே இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லி வைத்திருப்பது தெரியும். தீப்பந்தம், தீவட்டி, தீச்சட்டி, தீக்குச்சி, தீப்பெட்டி, தீமிதி. இவற்றில் எல்லாம் தீ உள்ளே இருக்கிறது, அல்லது அதிலிருந்து வரக் காத்திருக்கிறது. தீயை எதிர்க்கும் பொருளுக்குப் பெயர் வைக்கும்போது தமிழர்கள் நடுவில் ஒரு வினையைச் செருகத் தவறியதில்லை. தீயணைப்பு நிலையம், தீத்தடுப்புக் கருவி. ‘தீவண்டி’ என்றால் கேரளத்துக்காரர் ரயிலை நினைப்பார். நம் சாலையில் மணியடித்துப் போகும் சிவப்பு வண்டி தீயணைப்பு வண்டிதான்.

ஒரு நண்பர் இதற்கும் பதில் வைத்திருந்தார். ‘தீ’ என்றால் நெருப்பு மட்டுமல்ல, தீமையும்தானே. தீயதைத் தடுக்கும் சுவர் என்று இருபொருளில் எவ்வளவு அழகு என்றார். அழகுதான், ஆனால் தீவினை என்பது தீய வினை, தீநட்பு என்பது தீய நட்பு. அந்தக் கணக்கில் தீச்சுவர் என்பது கெட்ட சுவர். காசு கொடுத்து யாராவது கெட்ட சுவரை வாங்குவார்களா?

‘தடுப்புச்சுவர்’ என்பாரும் உண்டு. நாளிதழைத் திறந்தால் லாரி மோதுவதே அதன் மேல்தான்.

எனக்கு உண்மையில் தீயோடு மட்டும் சண்டை இல்லை, சுவரோடும்தான். சுவர் யாரையும் விசாரிக்காது. எல்லோரையும் மறிக்கும். ஃபயர்வால் அந்த வேலையைச் செய்வதே இல்லை. அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கும் ஆளை நினைத்துக்கொள்ளுங்கள். யார், எங்கிருந்து வருகிறார், எந்த வீட்டுக்கு என்று கேட்பார். நாம் சொல்லி வரவழைத்த கூரியர்காரரை விடுவார். முன்பின் தெரியாதவரைத் திருப்பி அனுப்புவார். நாம் வெளியே போகும்போது பெரும்பாலும் தலையைத் தூக்கிப் பார்க்கக்கூட மாட்டார். விண்டோஸில் கூடவே வரும் ஃபயர்வால் இயல்பாக இப்படித்தான் நடந்துகொள்கிறது: கேட்காமல் உள்ளே வருவதைத் தடுக்கும், வெளியே போவதை விட்டுவிடும்.

இந்த ஆள் தூங்கினால் என்ன ஆகும் என்பதை 2003 ஆகஸ்ட்டில் உலகம் பார்த்தது. பிளாஸ்டர் என்ற புழு (தானாகவே கணினிக்குக் கணினி பரவும் கெட்ட நிரல்), யாரும் எந்தக் கோப்பையும் திறக்காமலே, ‘போர்ட்’ எனப்படும் எண்ணிட்ட வாசல்களில் 135ஆம் எண் வாசல் வழியாகக் கணினிகளுக்குள் புகுந்தது. விண்டோஸ் எக்ஸ்பியில் ஃபயர்வால் இல்லாமல் இல்லை. இருந்தது, ஆனால் இயக்காத நிலையில் கொடுத்திருந்தார்கள். 2004இல் வந்த இரண்டாம் சர்வீஸ் பேக் என்ற புதுப்பிப்பில்தான் அது தானாக இயங்கும்படி மாற்றினார்கள்.

அதனால் என் வாக்கு ‘வாயிற்காவல்’ என்ற சொல்லுக்கு. ஒரு கலைச்சொல் தேறுமா என்று பார்க்க நான் வைத்திருக்கும் சோதனை எளிது: அதை ஓர் எச்சரிக்கை வாக்கியத்தில் வைத்துப் பார்ப்பது. “வாயிற்காவல் நிறுத்தப்பட்டுள்ளது” என்று திரையில் வந்திருந்தால் பெரியப்பா அன்றைக்கே போன் செய்திருப்பார். இந்தச் சொல் பிடிக்கவில்லையா, ஃபயர்வால் என்றே எழுதிவிட்டுப் போங்கள். புரியாத சொல் என்றால் நாலு பேரைக் கேட்டாவது தெரிந்துகொள்வார்கள். தப்பாகப் புரிகிற சொல்லில் அந்த வாய்ப்பும் போய்விடுகிறது.

சரி, அரண்? அதைப் போய் ஒரு வாசல்காரருக்குக் கொடுப்பது அநியாயம். பெரியப்பாவிடம் சொன்னதும் குறளை எடுத்துவிட்டார்: “மணிநீரும் மண்ணும் மலையும் அணிநிழற் காடும் உடைய தரண்.” நீர், வெளிநிலம், மலை, காடு நான்கும் சேர்ந்தால்தான் வள்ளுவருக்கு அரண். அப்படியானால் பல காவல்களை ஒன்றாகக் கட்டித் தரும் அந்த முழு டப்பாவுக்குத்தான் அந்தப் பெயர் பொருந்தும்: ‘இணைய அரண்’. அதன் உறையில் இப்போது ‘அனைத்தும் ஒன்றில் பாதுகாப்பு’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், எந்த ஊர்த் தமிழ் அது?

அரணை வாங்குமுன் எடைபோட வேண்டுமே என்று சோதனைக்கூட அறிக்கைகள் பக்கம் போனால் அங்கேயும் இதே கூத்து. ஜெர்மனியின் மாக்டெபர்க்கில் உள்ள ஏவி-டெஸ்ட், பாதுகாப்பு, வேகம், பயன்பாடு மூன்றுக்கும் தலா 6 என 18 புள்ளி வைத்து மதிப்பிடுகிறது. மூன்றாவதைத் தமிழில் ‘பயன்படுத்த எளிமை’ என்று எழுதிவிடுகிறார்கள். பொத்தான்கள் அழகாக இருக்கின்றனவா என்பதல்ல அங்கே கேள்வி. நல்ல கோப்பைக் கெட்டது என்று எத்தனை முறை வீணாகக் கத்துகிறது என்பதைத்தான் அதில் அளக்கிறார்கள். அந்த வீண் கத்தலுக்கு ‘தவறான நேர்மறை’ என்று ஒரு பெயர் உலவுகிறது. நேர்மறை என்றதும் ஏதோ நல்லது நடந்ததுபோல் இருக்கிறதே! ‘வீண் எச்சரிக்கை’ என்றால் என்ன குறைந்துவிடும்?

விலைக்கு வந்தால், முதலாண்டுத் தள்ளுபடியைப் பார்க்காமல் இரண்டாமாண்டுப் புதுப்பிப்புத் தொகையைப் பாருங்கள். அப்புறம், விண்டோஸ் 10, 11 வைத்திருப்பவருக்கு ஆன்டிவைரஸும் ஃபயர்வாலும் ஏற்கெனவே உள்ளேயே இருக்கின்றன. காசு கொடுத்து வாங்கும் அரண் அதற்கு மேல் எதைத் தருகிறது என்பதுதான் கேள்வி. பல தொகுப்புகளின் வாயிற்காவல் வெளியே போகிறவரையும் நிறுத்தி, “இந்த மென்பொருள் இணையத்துக்குப் போகலாமா?” என்று கேட்கும். உருப்படியான வசதிதான், கேள்வி நமக்குப் புரிகிற தமிழில் இருந்தால்.

இதையெல்லாம் பெரியப்பாவிடம் ஒரு மாலை முழுக்க விளக்கினேன். வாயில், வாயிலோன், வாயிற்காப்போன் என்று அவரும் உற்சாகமாகச் சங்கம் வரை போய் வந்தார். அடுத்த வாரம் போனபோது மென்பொருளின் மொழி ஆங்கிலத்துக்கு மாறியிருந்தது. திரையின் ஓரத்தில் ஒரு சின்னத் தாள் ஒட்டியிருந்தது, அவருடைய முத்தான கையெழுத்தில்:

“ஃபயர்வால் = வாட்ச்மேன். எப்போதும் பச்சை.”