மாநாட்டிலிருந்து திரும்பிய முதல் ஞாயிறு

மூன்று நாள் ஆராதனை மாநாடு முடிந்து சனிக்கிழமை இரவு ஊர் திரும்பினேன். மறுநாள் காலையிலேயே பாட்டு எண் பலகையைக் கழற்றிவிட்டுத் திரை கட்டினேன். பாடகர் குழுவை நடுவே நிறுத்தி, இரண்டு புதுப்பாட்டும் வைத்தேன். ஆராதனை முடிந்ததும் ஒரு பாட்டி பாமாலைப் பாட்டுப் புத்தகமும் கையுமாக வந்தார்கள். "நம்பர் சொல்லாட்டா நான் எப்படி ஐயா எடுக்க?" கண்புரை ஆபரேஷன் ஆனவர்கள். திரையில் ஓடிய எழுத்து அவர்களுக்கு வெறும் வெளிச்சம்தான்.

மாநாட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் புதுசு வேண்டும் என்று தேடி வந்தவர்கள். நம் சபையார் அங்கே வரவில்லை. மேடையில் நாம் பார்த்தது முடிந்த வேலை. அதற்குப் பின்னால் நடந்த பயிற்சியை யாரும் காட்டவில்லை. பைபிளில் சங்கீதம் 33:3ஐ எடுத்துக்காட்டாத ஆராதனைக் கூட்டமே இல்லை. ஆனால் 'புதுப்பாட்டு' என்பதில் நின்றுவிடுகிறோம். அதே வசனத்தில் 'நேர்த்தியாய்' என்றும் இருக்கிறது!

எங்கள் தென்னிந்தியத் திருச்சபையின் திருவிருந்தில், அதாவது நற்கருணை ஆராதனையில், ஒருவர் கையை ஒருவர் பற்றிச் சமாதானம் பரிமாறுகிறோமே, அதுவும் ஒரு காலத்தில் புதுசுதான். 1947இல் திருச்சபை உருவானது. கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவ மரபிலிருந்து எடுத்து, 1950ஆம் ஆண்டுத் திருவிருந்து முறைமையில் இதைச் சேர்த்தார்கள். இன்றைக்கு அதை விட்டுவிட்டு நடத்திப் பாருங்கள், கமிட்டியில் கேள்வி வரும்.

அந்த ஞாயிறு பெரிய சிக்கல் சுருதியில்தான். மாநாட்டு மேடையில் பாடியவர் நான்கு கட்டை என்கிற உயர்ந்த சுருதியில் எடுத்தார். நாங்களும் அப்படியே எடுத்தோம். சரணத்தில் மேலே போகும் இடத்தில் ஆண்கள் வாயை மூடிக்கொண்டார்கள். பாட்டு பிடிக்கவில்லை என்று நினைத்தேன். எட்டவில்லை, அவ்வளவுதான். இப்போது இரண்டு கட்டைக்கு இறக்கிவிட்டோம். கீபோர்டில் சுருதியை மாற்றும் ட்ரான்ஸ்போஸ் பட்டனைத் தட்டினால் முடிகிற வேலை.

இப்போதெல்லாம் ஒரு சமயத்தில் ஒரு மாற்றம்தான். புதுப்பாட்டு என்றால் ஆராதனைக்குப் பத்து நிமிஷம் முன்பே சபையாருக்குச் சொல்லிக்கொடுத்து, தொடர்ந்து மூன்று ஞாயிறு அதையே பாடுகிறோம். மூன்றாவது வாரம் பிள்ளைகள் வாத்தியத்தை முந்திக்கொண்டு ஆரம்பிப்பார்கள். திரை இருக்கிறது, பலகையும் பழைய ஆணிக்கே திரும்பிவிட்டது. கமிட்டியில் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. பிறகு விளக்கம் சொல்ல உட்கார்ந்தால் அன்று மதியச் சாப்பாடு ஆறிவிடும்.

அடுத்த மாதம் இன்னொரு மாநாட்டுக்கு அழைப்பு வந்திருக்கிறது. இந்தத் தடவை கீபோர்டு வாசிக்கும் தம்பியையும், ஆலய வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகிறேன். போன தடவை திரை கட்ட ஏணியில் ஏறியது நான் இல்லை, கோயில்பிள்ளைதான்.