மசில் காரைத் ‘தசை கார்’ ஆக்க வேண்டாம்

டாட்ஜ் சேலஞ்சர் என்ற அமெரிக்கக் கார் பற்றித் தமிழில் எதைத் திறந்தாலும், ஆங்கிலத்தின் ‘மசில் கார்’ என்பதற்குத் ‘தசை கார்’ என்ற சொல் வந்து நிற்கிறது. 2023 டிசம்பரில் அந்த வண்டியின் உற்பத்தி நின்றதிலிருந்து இன்னும் அதிகம். கொஞ்சம் இலக்கணம் பார்ப்பவர்கள் ‘தசை மகிழுந்து’ என்கிறார்கள். இரண்டும் தவறு. பொருளும் தவறு, தமிழும் தவறு.

முதலில் மூலச்சொல். ‘மசில்’ லத்தீனின் ‘முஸ்குலுஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. அதன் நேர்ப்பொருள் சுண்டெலி. கையை மடக்கும்போது தோலுக்கடியில் ஓடும் திரட்சி எலிபோலத் தெரிந்ததால் அந்தப் பெயர். கெண்டை மீன்போல் இருப்பதைக் கெண்டைக்கால் என்கிற நமக்கு இது புதிதல்ல. பிறகு ஆங்கிலத்தில் அந்தச் சொல் உறுப்பை விட்டு நகர்ந்து வலிமை, அதிகாரம், அடிதடி என்ற பொருள்களையெல்லாம் சேர்த்துக்கொண்டது. ‘மசில் கார்’ என்ற வழக்கு 1960-களின் நடுவில் அமெரிக்கக் கார் இதழ்கள் வழியாகப் பரவியது. அதே வண்டிகளை அந்நாளில் ‘சூப்பர் கார்’ என்றும் எழுதினார்கள்.

அந்தப் பொருளை நிலைநிறுத்தியது 1964-இன் பான்டியாக் ஜி.டி.ஓ. என்ற கார். ஜெனரல் மோட்டார்ஸில் நடுத்தர அளவு வண்டிகளுக்கு 330 கன அங்குலக் கொள்ளளவுக்கு மேல் இன்ஜின் வைக்கக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. ஜான் டிலோரியன் தலைமைப் பொறியாளராக இருந்த பான்டியாக் பிரிவு, 389 கன அங்குல வி8-ஐ, அதாவது எட்டு சிலிண்டர் கொண்ட 6.4 லிட்டர் இன்ஜினை, டெம்பெஸ்ட் லெ மான்ஸ் வண்டிக்குக் கூடுதல் பணம் கட்டி வாங்கும் தொகுப்பாக விற்றது. தனி வண்டி என்றால் விதி தடுக்கும், விருப்பத் தொகுப்பு என்றால் தடுக்காது. சாதாரணக் கார்புரேட்டருடன் 325 குதிரைத்திறன், மூன்று கார்புரேட்டர் வைத்தால் 348. அந்த ஆண்டில் 32,450 வண்டிகள் போயின.

இதில் கவனிக்க வேண்டியது வலிமை மட்டுமல்ல, பொருத்தமின்மை. குடும்பம் போய்வரும் நடுத்தர உடல், அதற்குள் பெரிய வண்டிக்கான இன்ஜின். பிரேக்கும் சஸ்பென்ஷனும் ஏறக்குறைய பழையபடியே. நேர்ச்சாலையில் பாயும், வளைவில் திணறும். கட்டுப்படியாகும் விலை. இந்த நான்கும் சேர்ந்ததுதான் மசில் கார்.

இனி ‘தசை’. தமிழில் தசை என்றால் ஊன், சதை. பள்ளி உயிரியல் நூல்கள் அதை உறுப்புக்குரிய கலைச்சொல்லாக எடுத்துக்கொண்டன. அது சரி, அங்கே அது நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் அந்தச் சொல் தமிழில் ஒருநாளும் வலிமையின் உருவகமாக இருந்ததில்லை. தசைப்பிடிப்பு நோய். தசைச்சிதைவு நோய். சதை போட்டுவிட்டான் என்றால் பருத்துவிட்டான் என்றுதான் பொருள், பலசாலி ஆகிவிட்டான் என்றல்ல. ஜாதகம் பார்ப்பவர் வாயில் அதே ஒலி சனி தசை, குரு தசை. ‘தசை கார்’ என்று தலைப்பில் படிப்பவர் மனத்தில் இவற்றில் எதுவும் எழலாம். 6.4 லிட்டர் இன்ஜின் மட்டும் எழாது.

வலிமையைத் தமிழ் எங்கே வைத்திருக்கிறது? தோளில். திண்தோள், தோள்வலி, தினவெடுத்த தோள். புயத்தில் வைத்திருக்கிறது, புஜபலம் என்று. நெஞ்சில் வைத்திருக்கிறது, நெஞ்சுரம் என்று. ஆங்கிலம் உருவகத்தை ஓர் உறுப்பில் வைத்தால் அதே உறுப்பின் பெயரைப் பிடித்துக்கொண்டு வருவது மொழிபெயர்ப்பு ஆகாது. உருவகம் எந்த வேலையைச் செய்கிறது என்று பார்த்து, அந்த வேலையைத் தமிழில் எந்தச் சொல் செய்கிறதோ அதைக் கொண்டுவர வேண்டும்.

சொல்லுக்குச் சொல் பெயர்த்தாலே தவறு என்பதல்ல வாதம். ‘குதிரைத்திறன்’ அப்படி வந்ததுதான், அருமையாக நிற்கிறது. ஏனென்றால் குதிரையின் இழுவை நமக்கும் தெரிந்தது. ‘முறுக்குவிசை’ இன்னும் சிறப்பு. நட்டை ஸ்பேனரால் முறுக்கிய எவருக்கும் அந்தச் சொல் கையிலேயே புரியும். ‘தசை கார்’ அப்படி எங்கும் புரியாது. விளக்கம் சொன்ன பிறகும் ஒட்டாது.

மற்ற மாற்றுகளும் தேறவில்லை. ‘ஆற்றல் கார்’ என்று சிலர் எழுதுகிறார்கள். இயற்பியலில் ஆற்றல் வேறு, திறன் வேறு, விசை வேறு. இந்த வண்டியின் பெருமை திறனும் முறுக்குவிசையும். சரி, ‘திறன் கார்’ என்று மாற்றலாமென்றால், திறன்பேசி வந்தபின் ‘திறன்’ என்றாலே கணினி அறிவுள்ள கருவி என்றாகிவிட்டது. ‘பந்தயக் கார்’ என்பது முழுத் தவறு. பந்தயக் கார் தடத்துக்காகவே கட்டப்படுவது, மசில் கார் எண் பலகையோடு காய்கறி வாங்கப் போவது. ‘ஸ்போர்ட்ஸ் கார்’ என்பதை ‘விளையாட்டுக் கார்’ என்று எழுதுவது இதற்கெல்லாம் மேல். விளையாட்டுக் கார் என்றால் குழந்தை தரையில் உருட்டுவது. ஸ்போர்ட்ஸ் கார் எடை குறைந்து வளைவில் நிற்கும் வண்டி, மசில் கார் கனத்து நேரே பாயும் வண்டி. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் வாசகருக்கு ஒன்றுமே சொல்லவில்லை என்று அர்த்தம்.

நான் முன்வைக்கும் சொல் ‘மல்லுந்து’. மல் என்றால் வலிமை, மற்போர். மல்லன், மற்போர், மாமல்லன் எல்லாம் அந்த வேர். ஆமூர் மல்லனைப் போரவைக்கோப்பெருநற்கிள்ளி வீழ்த்திய செய்தி சங்க காலத்தது. பேச்சில் இன்றும் ‘மல்லுக்கு நிற்கிறான்’, ‘மல்லுக்கட்டுகிறான்’ என்கிறோம். அதில் வலிமையோடு முரட்டுத்தனமும் ஒரு வம்புக்கு இழுக்கும் தோரணையும் இருக்கிறது. மசில் காருக்கு வேண்டியது அதுவே. இந்த வேர் வடமொழிக்குப் போனதா, அங்கிருந்து வந்ததா என்று அறிஞர்கள் வாதிடலாம். ஈராயிரம் ஆண்டு தமிழர் வாயில் புழங்கிய பிறகு அது தமிழ்தான்.

ஏன் ‘கார்’ வேண்டாம், ‘உந்து’ வேண்டும்? மல்லும் காரும் புணர்ந்தால் ‘மற்கார்’. வாயில் நுழையாது. தனிக்குறிலை அடுத்த ஒற்று உயிர் வந்தால் இரட்டிக்கும், மல் + உந்து = மல்லுந்து. பேருந்து, சிற்றுந்து, சரக்குந்து என்ற வரிசையில் இயல்பாக உட்காருகிறது. ‘மகிழுந்து’ முன்னால் அடை போட்டு நீட்டவும் தேவையில்லை. ‘மல்லு’ என்பது கேரளத்தவரைக் குறிக்கும் கொச்சை என்று ஒரு மறுப்பு வரும். மல்லுக்கட்டுவது என்று சொல்லும்போது யாருக்கும் கேரளம் நினைவு வருவதில்லை, இதிலும் வராது.

பட்டறைப் பேச்சில் ‘மசில் கார்’ என்றே சொல்லட்டும். அதில் எனக்குக் குறை இல்லை. கடன்சொல் தன்னைக் கடன்சொல் என்று காட்டிக்கொண்டு நிற்கும், தெரியாதவர் கேட்டுத் தெரிந்துகொள்வார். தப்பான ஆக்கச்சொல் தமிழ் வேடத்தில் வந்து தப்பான பொருளை உட்கார வைத்துவிடும். தூய்மைக்காகத் தெளிவை விற்பது தமிழுக்குச் செய்யும் தொண்டு அல்ல.

சொல் தெளிவாக இருந்தால் என்ன பயன் என்பதைச் சேலஞ்சரிலேயே பார்க்கலாம். 1970 மாடலாக வந்து 1974-இல் நின்ற வண்டி அது. காப்பீட்டுக் கட்டணமும் புகைக் கட்டுப்பாடும் 1973-இன் எண்ணெய் நெருக்கடியும் அந்தத் தலைமுறையையே முடித்தன. 2008-இல் அதே முகத்தோடு மீண்டு வந்து 2023 வரை ஓடியது. கட்டியது கனடாவின் பிராம்ப்டனில், ஈழத்தமிழர் பெருவாரியாக வாழும் டொராண்டோ வட்டாரத்தில். செகண்ட் ஹேண்ட் சந்தையில் இதற்கு இருக்கும் மவுசுக்குக் காரணம் தெளிவு: வி8 சத்தம், 1970-இன் தோற்றம், பின்னிருக்கையில் உண்மையாகவே ஆள் உட்காரும் இடம், இனி புதிதாக வராது என்ற நிலை.

ஆனால் சந்தையில் நிற்கும் சேலஞ்சர்களில் நிறைய ஆறு சிலிண்டர் கொண்ட 3.6 லிட்டர் வி6, 305 குதிரைத்திறன். விளம்பரத்தில் எல்லாமே ‘தசை கார்’. அமைதியான, நல்ல பயண வண்டி அது. மல்லுந்து அல்ல. உடல் அதே, உள்ளே அந்தப் பொருத்தமின்மை இல்லை. வாங்குபவர் சேசிஸ் எண்ணின் எட்டாவது இடத்தைப் பார்க்க வேண்டும். 2015-க்குப் பிந்தைய வண்டியில் ‘ஜி’ என்றால் வி6, ‘டீ’ என்றால் ஹெமி என்று பெயர்பெற்ற வி8-இன் 5.7 லிட்டர் வகை, ‘ஜே’ என்றால் 6.4 லிட்டர், 9 என்றால் காற்றை அழுத்தி ஊட்டும் சூப்பர்சார்ஜர் வைத்த 6.2 லிட்டர் ஹெல்கேட். பின்புறம் ஒட்டிய பெயர்ச்சின்னத்தை நம்பக் கூடாது. அது கடையில் கிடைக்கும், எண்ணை அவ்வளவு எளிதில் மாற்ற முடியாது. ஹெல்கேட் என்றால் இரண்டு வகைச் சாவியையும் கேட்டு வாங்க வேண்டும். கறுப்புச் சாவி 500 குதிரைத்திறனோடு நிறுத்திவிடும், 2015-இல் வந்த வண்டியின் 707-ம் வேண்டுமென்றால் சிவப்புச் சாவி.

5.7 ஹெமி வண்டியைப் பார்க்கப் போனால் இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் விற்பவர் முன்கூட்டியே ஓடவிட்டிருக்கிறார், ஆறும்வரை காத்திருங்கள். ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று சீராகச் சத்தம் வந்து, சூடேறச் சூடேற அடங்கினால் பெரும்பாலும் புகைக்குழாய்கள் கூடும் எக்சாஸ்ட் மேனிஃபோல்டின் போல்ட் உடைந்திருக்கும். பின்பக்கத்துப் போல்ட்டுகள்தான் முதலில் போகும். இரும்பு விரிந்ததும் இடைவெளி மூடி, சத்தம் நிற்கிறது. மாறாக, சூடான பிறகும் சத்தம் அடங்காமல், இன்ஜின் ஒரு சிலிண்டரில் தடுமாறினால் அது வால்வைத் தூக்கும் டேப்பெட்டின் உருளை சிக்கி, அதை இயக்கும் தண்டான கேம்ஷாஃப்ட்டைத் தேய்த்த சத்தம். ஆட்டோமேட்டிக் வண்டிகளில் எரிபொருள் மிச்சப்படுத்த 1, 4, 6, 7 ஆகிய நான்கு சிலிண்டர்களை நிறுத்தி வைக்கும் ஏற்பாடு உண்டு, அந்த டேப்பெட்டுகளே பழுதுக்குப் பேர்போனவை. கையால் கியர் போடும் வண்டியில் அந்த ஏற்பாடு இல்லை. டேப்பெட்டை எடுக்க சிலிண்டர் ஹெட் இரண்டையும் கழற்ற வேண்டும். கேம்ஷாஃப்ட்டும் பதினாறு டேப்பெட்டும் ஹெட் கேஸ்கட்டும் சேர்த்து மாற்றாமல் மூடினால் மறுபடி திறக்க வேண்டிவரும். பழைய ஆயில் ஃபில்டரை அறுத்து மடிப்புகளை விரித்துப் பாருங்கள், உலோகத் துகள் மின்னினால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். ஆயில் 5டபிள்யூ-20, 7 குவார்ட், அதாவது சுமார் 6.6 லிட்டர். ஸ்பார்க் பிளக் எட்டு அல்ல, பதினாறு. பராமரிப்புச் சீட்டில் எட்டு மாற்றியதாக இருந்தால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது.

வி6 வண்டியில் கேட்க வேண்டியது ஆயில் ஃபில்டர் பொருந்தும் பிளாஸ்டிக் உறையின் கசிவு. இன்ஜின் நடுவே குழியில் எண்ணெய் தேங்கும், கீழே சொட்டும்வரை தெரியாது. 2008 முதல் 2014 வரையிலான வண்டிகளில் டகாடா நிறுவனத்தின் பழுதான ஏர்பேக்குக்கான திரும்பப்பெறல் முடிந்ததா என்று சேசிஸ் எண்ணைக் கொண்டு கட்டாயம் பார்க்க வேண்டும். 2010 வரையிலான வண்டிகளை ஏர்பேக் மாற்றும்வரை ஓட்டவே வேண்டாம் என்று 2022 நவம்பரில் அறிவிப்பே வந்தது.

இந்தப் பத்திகளில் டேப்பெட், ஹெட், கேஸ்கட் என்றே எழுதியிருக்கிறேன். தெரிந்தேதான். நம் பட்டறைகளில் மூன்று தலைமுறையாகப் புழங்கும் சொற்கள் இவை. மொழிபெயர்ப்பாளர்கள் பட்டறைப் பக்கமே போகாமல் அகராதியிலிருந்து ‘தூக்கி’, ‘தலை’, ‘வெளியேற்றப் பன்மடங்கு’ என்று எழுதுகிறார்கள். மேனிஃபோல்டு பன்மடங்கு அல்ல, பல குழாய்கள் ஒன்றுகூடும் இடம். அகராதியில் கிடைத்த முதல் பொருளை எடுத்து ஒட்டும் இந்தப் பழக்கம்தான் ‘தசை கார்’ பிறந்த இடமும்.

இன்னொன்றையும் சீர் செய்ய வேண்டும். ‘பழைய மசில் கார்’ என்றால் 1970-இல் பிறந்ததா, 2016-இல் பிறந்து கைமாறியதா? இரண்டையும் ‘பழைய’ என்றே எழுதுகிறார்கள். முன்னதற்கு ‘முதல் தலைமுறை’ என்று எழுதலாம். பின்னதற்கு நம் தரகர்கள் சொல்லும் ‘கை மாறின வண்டி’ இருக்கிறதே, அதைவிட நல்ல சொல் வேண்டாம். அப்படியானால் விளம்பரம் இப்படி வரும்: கைமாறிய மல்லுந்து, 2016 சேலஞ்சர் ஆர்/டி, 5.7 ஹெமி, ஆறு கியர் மேனுவல், பதினாறு பிளக்கும் மாற்றியது, ஆறிய இன்ஜினில் சத்தம் கேட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.